பழம் வைக்கக் கூடாது

ஜனவரி 8

உரக் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் கொடுக்கும் டைரி இது. மருந்தடித்த நாள், பனி விழுந்த நாள், எந்தப் பாத்தியில் எந்த விதை என்பதைத் தவிர இதில் நான் எதையும் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். காரணம், எங்கள் ஓட்டலுக்கு வந்திருக்கும் புது ஜெனரல் மேனேஜர்.

பெயர் அஸ்வத். சென்னைக்காரர். கொடைக்கானல் குளிருக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டியபடி, தோட்டத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார். நான் சங்கிலிமுத்து, இந்தத் தோட்டத்தின் சூப்பர்வைசர். இங்கே நிற்கிற மரங்களில் பாதி நான் வைத்தவை. அவர் வைத்தது வாசலில் ஒரு பிளாஸ்டிக் மூங்கில்.

இன்றைய மீட்டிங்கில் செல்போனைத் தூக்கிக் காட்டினார். கொரியாக்காரர்களின் கல்யாணப் படம். பெண்ணின் கையில் ரோஸ் நிறத்தில் ஒரு பூ, முட்டைக்கோஸ் பருமனுக்கு. பெயர் பியோனியாம். மே மாதம் சீசன் உச்சத்தில் இருக்கும்போது நம் லாபி முழுக்க இந்தப் பூ இருக்க வேண்டுமாம். மலையில் வேறு எந்த ஓட்டலிலும் இருக்காதாம். வருகிறவர்கள் எல்லாரும் படம் எடுத்துப் போடுவார்களாம்.

பனி தேசத்துச் செடி அது. குளிர்காலம் முழுக்க உறைந்து தூங்கினால்தான் பூக்கும். நம் மலையில் விழுகிற பனி அதற்குக் கொட்டாவி விடக்கூடப் போதாது. தப்பித்தவறிப் பூத்தாலும் மார்ச்சிலேயே பூத்துக் கொட்டிவிடும். இதைச் சொன்னேன். "அதுக்குத்தான் சார் ஒரு எக்ஸ்பர்ட் வந்திருக்காங்க" என்று மூலையில் இருந்த ஒரு பெண்ணைக் காட்டினார். மீனலோசனி. திருமங்கலத்துப் பெண், பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்தவள். அவள் எழுந்து, "குளிர் அறையில வச்சு அதோட தூக்கத்த நீட்டிக்கலாம் சார். நாம எழுப்பும்போதுதான் அது எந்திரிக்கும்" என்றாள். செடி என்ன, ஹாஸ்டல் பிள்ளையா?

என் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்தப் பூவு மே மாசம் நம்ம லாபில பூத்துச்சுன்னா, வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு மலைய விட்டே எறங்கிர்றேன் சார்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். செஃப் துரைப்பாண்டி மேசையைத் தட்டி, "எழுதி வச்சுக்கங்கப்பா, அண்ணன் சொல்லிட்டாரு" என்றான்.

நானே எழுதி வைத்துவிட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான். பூக்கப்போவதும் இல்லை.

ஜனவரி 17

பியோனி வந்து இறங்கியது. இமாச்சலத்திலிருந்து லாரியில் நாற்பது தொட்டி. பூவும் இல்லை, இலையும் இல்லை. மண்ணுக்குள் காய்ந்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி ஒன்று கிடக்கிறது. இதைப் பார்க்க ஜெனரல் மேனேஜர் கேமராக்காரனோடு வந்தார். மண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கிச்சனுக்குப் பின்னால் காய்கறி வைக்கிற குளிர் அறையைக் காலி செய்து அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். துரைப்பாண்டிக்கு வயிற்றெரிச்சல். அவனுடைய கேரட்டும் முள்ளங்கியும் இப்போது வராந்தாவில். மீனலோசனி குளிரை இரண்டு டிகிரியில் வைத்துவிட்டு, கதவில் ஒரு அட்டையை ஒட்டினாள். 'பழம் வைக்கக் கூடாது.' அவ்வளவுதான்.

"பழத்துக்கும் பூவுக்கும் என்னம்மா பங்காளிச் சண்டை?" என்று துரைப்பாண்டி கேட்டான்.

"பழுத்த பழத்துலேருந்து ஒரு வாயு வரும்ணே. மூடுன அறைக்குள்ள அது தங்கிருச்சுன்னா மொட்டு விரியாது. அப்படியே கருகிரும்."

அவன் நம்பவில்லை. அவள் சொன்னது சரிதான். முன்பு நான் கார்னேஷன் பூ வளர்க்கிற கம்பெனியில் வேலை பார்த்தபோது, டிரைவர் ஒருவன் பூப்பெட்டிகளோடு மாம்பழக் கூடையையும் ஏற்றிப் போய்ப் பூ அத்தனையும் வாய் மூடிக்கொண்டது. அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. எனக்கென்ன வந்தது?

வீட்டிலிருந்து மனைவி பேச்சி போன் செய்தாள். பொங்கலுக்கு நான் வரவில்லை என்று குறை. கீழே வத்தலக்குண்டில் தனியாக இருந்துகொண்டு மாதத்துக்கு ஒரு குறை கண்டுபிடிக்கிறாள். இங்கே வேலை கிடக்கிறது என்றேன்.

பிப்ரவரி 2

காற்றில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தது. ஜெனரேட்டர் இருமியதே தவிர ஓடவில்லை. ஜெனரல் மேனேஜர் குளிர் அறைக் கதவைத் திறந்து திறந்து, "இன்னும் கூலாதான் இருக்குல்ல?" என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்து வீட்டைக் குளிர வைக்கப் பார்க்கிறவர் போல.

"கதவ மூடுங்க சார் மொதல்ல!" என்று கத்திவிட்டேன். கதவு இடுக்கில் கம்பளியைத் திணித்து, கரண்ட் வரும் வரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பூவுக்காக இல்லை. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

பிப்ரவரி 12

தொட்டிகளை வெளியே எடுத்து நிழல்வலைக் கூடாரத்தில் வைத்தாள். இந்தக் குளிருக்கு மெதுவாக வளர்ந்து சரியாக மே மாதம் பூக்கும் என்று கணக்கு. கணக்கு போடுவதற்கு இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கேட்க வேண்டியதில்லை. செடிக்குத்தான் கணக்கு தெரியாது.

மார்ச் 1

முளை வந்துவிட்டது. செக்கச்செவேலென்று, பருமனாக, மண்ணைப் பிளந்துகொண்டு. நாற்பது தொட்டியிலும். ஒன்றுகூடத் தவறவில்லை.

முளை வருவது பெரிய விஷயமில்லை. வெங்காயத்தைக் கூடையில் மறந்து வைத்தால்கூட முளைக்கும்.

மார்ச் 19

இந்த வருடம் மார்ச் வெயில் மலைக்கே புதுசு. சுற்றுலா வந்தவர்கள் ஐஸ்கிரீம் வாங்க நிற்கிறார்கள். செடி முழங்கால் உயரத்துக்கு எழும்பிவிட்டது. மீனலோசனி நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். "இப்படியே போச்சுன்னா ஏப்ரல் நடுவுலயே பூத்துரும் சார்" என்றாள்.

"நான் ஜனவரிலயே சொன்னேன்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குக் கிடைத்த சுகத்தை மறைக்க முடியவில்லை. டீ வாங்கி அவளுக்கும் ஒன்று கொடுத்தேன்.

ஏப்ரல் 5

மொட்டு கோலிக்குண்டு அளவைத் தாண்டிவிட்டது. பூக்க ஒரு வாரம் போதும். சீசனுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. வேலை போகாது என்று நிம்மதியாகக் காலையில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பதினோரு மணிக்கு அந்தப் பெண் வந்து தொட்டிகளை மறுபடியும் குளிர் அறைக்குள் வைக்கப்போவதாகச் சொன்னாள். மொட்டோடு. ஒரு மாதம் அப்படியே நிறுத்தி வைத்து, மே மாதம் வெளியே எடுத்தால் விரியுமாம்.

"எந்த மொட்டு நிக்கும், எது நிக்காதுன்னு எப்படிப் பாப்ப?" என்று கேட்டேன். மடக்கத்தான் கேட்டேன்.

"விரலால அழுத்திப் பாக்கணும் சார். கல்லு மாதிரி இருந்தா பெறகு விரியாது. ரொம்ப இளகியிருந்தா உள்ளயே பூத்துரும். புது பன்னு மாதிரி மெத்துனு இருக்கணும்."

சொன்னாளே தவிர, கை தயங்கியது. அவள் விரல் புத்தகத்தில் படித்த விரல். எரிச்சலில் நானே ஒவ்வொரு தொட்டியாக அழுத்திப் பார்த்து, இது இன்றைக்கு, இது நாளைக்கு, இது நாளை மறுநாள் என்று பிரித்துக் கொடுத்தேன். வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. வேறு காரணம் இல்லை.

ஏப்ரல் 9

பேச்சி போன். முழங்கால் வலியாம். மாடிக்கு ஏற முடியாமல் துணியைக் கீழேயே காயப்போடுகிறாளாம். "நீங்க ரிட்டயர்டு ஆகுறதுக்குள்ள நான் படுத்துருவேன் போலருக்கு" என்றாள். இப்படிப் பேசுவது அவளுக்குப் பழக்கம்.

கீழே போய் நான் என்ன செய்வது? அந்தச் சூட்டில் மணிபிளான்ட்கூட வாடும். பேச்சியின் தம்பி காலையில் வந்து உட்கார்ந்தால் இருட்டும் வரை அரசியல் பேசுவான். அறுபது வரைக்கும் இங்கேதான். இந்தக் குவார்ட்டர்ஸ், இந்த மூடுபனி, காலையில் செடிகளுக்கு நடுவே யாரும் இல்லாத அந்த ஒரு மணி நேரம். இதை ஒரு முட்டைக்கோஸ் பூவுக்குக் கொடுக்க மாட்டேன்.

ஏப்ரல் 13

மீனலோசனி அக்காவின் வளைகாப்புக்குத் திருமங்கலம் போயிருக்கிறாள். போகும்போது, "காலையும் சாயங்காலமும் ஒருக்கா குளிர் அறையப் பாத்துருங்க சார். வேற யாரையும் நான் நம்பல" என்று சாவியைக் கையில் வைத்தாள். என் வேலைக்கு உலை வைக்கிற பூவுக்கு என்னையே காவல் வைத்துவிட்டுப் போகிறாள். படித்தவளாம்.

நாளை சித்திரை ஒன்று. கோயம்புத்தூர்க்காரர்களும் கேரளாக்காரர்களும் ஓட்டலை நிறைத்திருக்கிறார்கள். ஜெனரல் மேனேஜருக்கு உடனே ஒரு ஐடியா. லாபியில் கனி காணல். காலையில் விருந்தாளிகளைக் கண்ணை மூட வைத்து ஒவ்வொருவராக நடத்தி வந்து, கண்ணாடி, கொன்றைப்பூ, நகை, முக்கனி முன்னால் கண்ணைத் திறக்க வைப்பது. வீட்டில் அம்மா செய்கிற காரியம், இங்கே அதற்கும் ஒரு கேமராக்காரன்.

சாயங்காலம் குளிர் அறைக் கதவைத் திறந்தேன். பலாப்பழ வாசம் முகத்தில் அறைந்தது. இரண்டு பலா, ஒரு பெட்டி மாம்பழம், தார் தாராக வாழைப்பழம். எல்லாம் நல்ல கனிவு. அவள் ஒட்டிய அட்டையைத் தாண்டி, கிச்சனில் இருக்கும் இன்னொரு சாவியால் திறந்து, மொட்டுகளை ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கிச்சனுக்குப் போய்ச் சொன்னேன். துரைப்பாண்டி கரண்டியைக் கீழே வைக்காமலே, "அட்டையாவது ஒண்ணாவது, போங்கண்ணே. சாமி காரியம். வெளிய வச்சு பழம் அழுகிப் போச்சுன்னா ஜி.எம். என்னையத்தான கடிப்பாரு?" என்றான். ஜெனரல் மேனேஜரிடம் போனேன். "ஒரே ஒரு நைட்தானே சார். ஒண்ணும் ஆகாது" என்று தோளைத் தட்டினார்.

ஒரு இரவு போதும். காலையில் மொட்டு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மே மாதம் வெளியே எடுக்கும்போதுதான் தெரியும், ஒன்றுகூட விரியாது. யாரும் என்னைக் கைகாட்ட முடியாது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். அறுபது வரைக்கும் இங்கேயே இருக்கலாம்.

சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியாயிற்று. கதவைச் சாத்திவிட்டுக் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன்.

இன்னும் வெளிச்சம் இருக்கிறது. ஒரு நடை போய்விட்டு வருகிறேன்.

ஏப்ரல் 14

இன்று சிரித்ததுபோல் சமீபத்தில் சிரித்ததில்லை. உள்ளுக்குள்தான்.

விருந்தாளிகள் குளித்து, பட்டு வேட்டி, கசவுப் புடவையோடு கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். லாபியில் கண்ணாடி இருந்தது, கொன்றைப்பூ இருந்தது, கேமராக்காரன் இருந்தான். பழம் இல்லை. துரைப்பாண்டி குளிர் அறைக்கும் கிச்சனுக்கும் ஓடிக்கொண்டிருந்தான். அப்போது தோட்டத்துப் பக்கம் ஒரே கூச்சல். தொட்டி மண் கலக்குகிற ஷெட்டின் கம்பிவலையைப் பிய்த்துக்கொண்டு குரங்குக் கூட்டம் உள்ளே புகுந்திருந்தது. பலாவைப் பிளந்து, மாம்பழத்தைக் கடித்து எறிந்து, எருக்குவியலின் உச்சியில் ஒரு கிழட்டுக் குரங்கு வாழைத்தாரைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தது. சத்தம் கேட்டு எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டு அங்கே ஓடினார்கள். புது வருடத்தில் அவர்கள் முதலில் கண்டது குரங்கைத்தான். பிள்ளைகளுக்கு அது முக்கனியைவிடப் பிடித்திருந்தது.

ஜெனரல் மேனேஜர் ஸ்வெட்டர் இல்லாமலே வேர்த்தார். "பழத்த யாரு சார் ஷெட்டுக்கு மாத்தினது?"

"எனக்கென்ன தெரியும்? கொரங்கே தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றேன்.

"பூட்டின ரூம்லேருந்தா? கிச்சன் சாவிய விட்டா இன்னொரு சாவி உங்ககிட்டதானே இருந்தது?"

பூவைக் காப்பாற்றினேன் என்று சொல்லச் சொல்கிறாரா? அதைச் சொல்வதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். மதியம் மெமோ வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் வாங்காத பொருள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. வயசாகிறது, அவ்வளவுதான். நேற்றுப் போட்ட சட்டையில் ஏதோ பிசின். தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஏப்ரல் 16

மீனலோசனி வந்துவிட்டாள். துரைப்பாண்டி அவளிடம் குரங்குக் கதையை நடித்தே காட்டினான். அவள் சிரிக்கவில்லை. நேராகக் குளிர் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் செம்பருத்தியைக் கவாத்து செய்துகொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"சார், கதவத் தொறந்து வச்சு காத்து மாத்திருக்கீங்க. ஒரு ஃபேனு வேற உள்ள கெடக்கு."

"பலா வாசம் எனக்கு ஆகாது."

"சட்டையில பலாப் பிசினு இருக்கு சார்."

"வேலை இல்லையா உனக்கு?"

போகவில்லை. "பூத்துச்சுன்னா வேலைய விட்டுர்றதா மீட்டிங்ல சொன்னீங்க. நான் மறக்கல. அன்னைக்கு ராத்திரி பழத்த உள்ளயே விட்டுருந்தா நீங்க பாட்டுக்கு இங்கயே இருந்திருக்கலாம்ல?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தரியைக் கீழே வைத்தேன். "நான் என்ன சொன்னேன்? இந்த மலையில இந்தப் பூவு பூக்காதுன்னு சொன்னேன். பூக்காமப் போனா நான் ஜெயிச்சேன். பலாப்பழத்தால கருகிப் போனா நானா ஜெயிச்சேன்? துரைப்பாண்டியோட பலாப்பழத்தால நான் ஜெயிக்கணுமா? அந்தக் கேவலம் எனக்கு வேணாம். தோக்குறதுன்னா அது ஒழுங்காத் தோக்கட்டும். போ."

போய்விட்டாள். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் கண்ணீர். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மே 4

தொட்டிகள் வெளியே வந்தன. மொட்டு அத்தனையும் போன மாதம் எப்படி இருந்ததோ அப்படியே. நேராக வெளிச்சத்துக்குக் கொண்டுபோகாதே, முதலில் வராந்தா, பிறகு கூடாரம், பிறகு லாபி என்று சொன்னேன். அவளும் அதையேதான் சொல்ல வந்தாளாம்.

மே 7

அசைவில்லை. பழம் அந்த அறையில் சில மணி நேரம் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்திருக்கலாம். மீனலோசனி சரியாகச் சாப்பிடவில்லை. ஜெனரல் மேனேஜர், தேவைப்பட்டால் துணிப்பூ வாங்கிக் கட்டிவிடலாம் என்கிறார். துணிப்பூ!

சந்தோஷமாக இருக்க வேண்டியவன் நான். மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மே 10

பூத்துவிட்டது.

மே 11

இப்போது நிதானமாக எழுதுகிறேன். நேற்றுக் காலை லாபியில் யாரும் இல்லாத நேரம். முதல் தொட்டியில் ஒரு மொட்டு, வெளி இதழ் இரண்டு மட்டும் பிரிந்து. நின்று பார்த்தேன். மத்தியானத்துக்குள் அடுக்கடுக்காக விரிந்து, இரண்டு கை சேர்த்து ஏந்தினால்தான் கொள்ளும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. லேசான மணம், பன்னீர் ரோஜாவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடுகிற மணம். முட்டைக்கோஸ் என்று சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அழகான முட்டைக்கோஸ்.

கூட்டம் அலைமோதுகிறது. பூவுக்கு முதுகைக் காட்டி நின்று பூவோடு படம் எடுக்கிறார்கள். ஒருத்தர்கூடத் திரும்பி அதன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு அம்மா பிளாஸ்டிக்கா என்று நகத்தால் கீறிப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டேன்.

மே 12

ராஜினாமாக் கடிதத்தை எழுதி ஜெனரல் மேனேஜரின் மேசையில் வைத்தேன். நான்கு மாதமாக இதே நினைப்பு. இதற்காக எத்தனை தூக்கம் கெட்டிருக்கிறேன்.

படித்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன சார் இது? மெமோவுக்காகவா? அத நான் அன்னைக்கே மறந்துட்டேன்."

"பூத்தா எறங்கிர்றேன்னு சொன்னேன்ல?"

"எப்போ?"

"ஜனவரில. மீட்டிங்ல."

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நடிப்பில்லை. பிறகு சிரித்தார். "ஐயோ, அதுவா! ஏதோ ஜோக் அடிச்சீங்கன்னு நெனச்சேன் சார்."

வெளியே வந்து துரைப்பாண்டியிடம் கேட்டேன். மேசையைத் தட்டி எழுதி வைக்கச் சொன்னவன். "அப்படியா சொன்னீங்க? எனக்கு ஞாபகமே இல்லண்ணே" என்றான்.

ஆக, ஜனவரியிலிருந்து நான் சுமந்துகொண்டு அலைந்த சொல்லை, அதைக் கேட்டவர்கள் காபி டம்ளரோடு சேர்த்து அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். அந்தப் பெண் ஒருத்தியைத் தவிர. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஜெனரல் மேனேஜர் அதை என் பக்கம் நகர்த்தியும் வைத்தார்.

நான் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினேன். அவர்களுக்கு அது பேச்சு. எனக்கு அது என் வாயிலிருந்து வந்தது.

மே 31

கடைசி பஸ்ஸில் சாமான் ஏற்றியாயிற்று. ஓட்டலில் சால்வை போட்டார்கள். நைலான். பியோனி எல்லாம் கொட்டி, தொட்டிகள் மறுபடியும் தோட்டத்தில்.

மீனலோசனி பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். "அடுத்த வருசம் யாரு சார் மொட்ட அழுத்திப் பாக்குறது?" என்றாள்.

"விரலு உனக்கும் அஞ்சுதான இருக்கு" என்றேன். பிறகு அவள் கையை இழுத்து, அவளுடைய காது மடலின் நுனியையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "இதவிட ஒரு பிடி கெட்டி. அதான் கணக்கு." பஸ் வளைவில் திரும்பும் வரை அவள் தன் காதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஜூன் 20

வத்தலக்குண்டு. வெயில். பேச்சியின் தம்பி வந்தான். அரசியல்.

ஆகஸ்ட் 3

பேச்சியை டாக்டரிடம் கூட்டிப்போனேன். முழங்கால் உண்மையிலேயே மோசம். எலும்பு தேய்ந்து ஒன்றோடொன்று உரசுகிறது. இதைத்தான் இத்தனை வருடம் போனில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்கு அது குறையாகக் கேட்டிருக்கிறது. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு இந்த டைரியில் இடமில்லை.

மாடிக்குத் துணி காயப்போட இப்போது நான் போகிறேன்.

நவம்பர் 22

கொடைக்கானல் பஸ் கண்டக்டர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். நியூஸ் பேப்பரில் சுற்றி, ஈரத் தேங்காய் நாருக்குள் ஒரு கிழங்கு. அதில் மூன்று சிவப்பு முளைக்கண்கள். கூட ஒரு துண்டுச் சீட்டு: 'செடியைப் பிரித்தபோது எடுத்தது சார். பூக்காது என்று நீங்கள் சொல்வீர்கள். தெரியும்.'

வத்தலக்குண்டில் பியோனி! இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு படித்தும் புத்தி வரவில்லை. இந்தச் சூட்டில் பத்தே நாளில் வெந்துவிடும். திட்டிக்கொண்டே ஃப்ரிட்ஜைத் திறந்து, கீழே காய்கறி டிராயரைக் காலி செய்து, கிழங்கை உள்ளே வைத்தேன். பிப்ரவரி வரைக்கும் தூங்கட்டும். மேல்தட்டில் சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு இருந்தது. எடுத்து வெளியே வைத்தேன்.

பேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "கத்தரிக்காயெல்லாம் தரையில கெடக்கு. பழத்த எதுக்கு எடுத்தீங்க?"

"இனிமே இதுல பழம் வைக்கக் கூடாது."

"என்னது அது கெழங்கு?"

"பூவு."

"நம்ம ஊருல பூக்குமா?"

"பூக்காது."

"பெறகு எதுக்கு வச்சிருக்கீங்க?"

எனக்கு வழக்கமாக வருவது வந்தது. "எழுதி வச்சுக்க பேச்சி. இந்த வத்தலக்குண்டுல மட்டும் இது பூத்துச்சுன்னா, நான்..."

அவள் எட்டி என் வாயைப் பொத்தினாள். கையில் பூண்டு வாசம்.

"வேணாம். ஒண்ணும் சொல்லிறாதீங்க" என்றாள். "போன தடவ அப்படிச் சொல்லித்தான் வீடு வந்து சேந்தீங்க. இப்ப எதையாவது சொல்லி, அது பூத்துத் தொலச்சா நான் என்ன செய்வேன்?"

சொல்லிவிட்டு, நான் எடுத்து வைத்த பழச்சீப்பை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து, முன்னறை ஆணியில் மாட்டினாள். நான் தரையில் கிடந்த கத்தரிக்காய்களைப் பொறுக்கினேன்.